வைகாசி கடைசி வாரம்

கல்யாணப் பத்திரிகையில் ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேனியில் ஒரு டி.டி.பி. கடையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஒருமுறை வேறு ஒரு கடையில் ஒரு சித்தப்பாவின் பெயரை இரண்டாவது வரியில் போட்டுவிட்டார்கள் என்று பந்தக்கால் நட்ட வீட்டில் அடிதடியே நடந்தது. அதனால் அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பத்திரிகையையும் வீட்டுக்காரர்கள் முன்னால் மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டுவேன். இதுவரை என் கையால் ஒரு பெயர் விட்டுப்போனதில்லை. இந்தத் திமிரோடுதான் நான் வலைப்பூ எழுத வந்தேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கடையில் ஈ ஓட்ட வேண்டும். கல்யாணம் கிடையாது, சாவு மட்டும் உண்டு. அதுவும் அவசரமாக வரும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படி ஒரு ஆடியில் சும்மா இருந்த கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கத்தைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சமையல் எழுதலாம் என்றால் எனக்குத் தெரிந்த சமையல் எல்லோருக்கும் தெரிந்த சமையல். கோலம் போட்டால் கோணும். அப்போது எனக்கு இருந்த ஒரே சொத்து என் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். கம்பத்துக்குத் தெற்கே, சுருளிக்குப் போகிற பக்கம், எங்கள் அப்பா விட்டுப்போன பன்னீர் திராட்சைத் தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு காலையில் தண்ணீர் பாயும்போது மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து எனக்குப் போன் போடுவார். மோட்டார் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுவார். கொடி, இலை, மருந்து, மழை, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மூட்டுவலி என்று எல்லாம் அதில் வரும். மாமியார் வீட்டில் யாரும் குறுக்கே பேசாத ஒரு மணி நேரம் எனக்கு அதுதான். அவர் பேசுகிற வேகத்துக்கு எழுத முடியாது என்பதால் போனிலேயே பதிவு செய்துவைத்து, திங்கட்கிழமை கடையில் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வேன். இப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் பதிவு, இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தே நோயைக் கண்டுபிடிப்பது பற்றியது. முதல் வாரம் பதினொரு பேர் படித்ததாகக் கணக்கு காட்டியது. அதில் ஏழு தடவை திறந்து பார்த்தது நான்தான். மீதி நாலு பேர் யார் என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "உங்க அண்ணே பேசுறாரு, நீ அடிக்கிற. இதுல எழுத்தாளரு யாரு?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. எழுத்தாளர் நான்தான் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

வலைப்பூவை வளர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள் ஏகமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தேன். தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும். பதில் முதல் மூன்று வரிக்குள் வர வேண்டும். கதை பேசாதீர்கள், படிக்கிறவர் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அண்ணனோ எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவர். எரு எப்போது போடலாம் என்று கேட்டால் கிடை போட்ட ஆட்டுக்காரர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதிலிருந்து தொடங்குவார். நான் வெட்டினேன். வெட்ட வெட்டப் படிக்கிறவர்கள் கூடினார்கள். ஆட்டுக்காரர் போனார், மூட்டுவலிக்காரர் போனார், "இந்தத் தடவைக்கு", "என் மண்ணுக்கு", "எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும்" எல்லாம் போயின. அண்ணன் பயந்து பயந்து சொன்னதெல்லாம் என் பக்கத்தில் அடித்துச் சொன்னதாக மாறியது. அதைத்தான் நான் எழுத்து என்று நினைத்தேன்.

இரண்டு வருடத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் தோட்டம் வாங்கிப் போட்டவர்கள் சந்தேகம் கேட்டார்கள். மருந்துக் கடைக்காரர்கள் விளம்பரம் போட முடியுமா என்றார்கள். கம்பம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் என் பதிவுகளை அவரவர் போன் குரூப்புகளில் தள்ளிவிட்டார்கள். அண்ணனிடம் இருந்தது பட்டன் போன், அவர் ஒரு வரியும் படித்ததில்லை. அண்ணன் மனைவி, என் மதினிதான் எப்போதாவது தன் போனில் படித்துக் காட்டுவார். ஆனால் சந்தைக்குப் போனால் நாலு பேர் நிறுத்திவைத்து, "உங்க தங்கச்சி எழுதுனதப் படிச்சோம், அந்த அண்ணன் நீங்கதான?" என்று கேட்பார்களாம். மார்க்கெட்டுக்குப் போக அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்துவிட்டார் என்று மதினி கேலி செய்தார். ஏதாவது முக்கியமாகச் சொல்வதற்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத எழுதிக்கிறயா ஆத்தா?" என்று கேட்பார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கொடுத்தேன் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

வினையாக முடிந்த ஒரு பதிவு இப்படி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு என்று ஒரு பருவம் கிடையாது. கவாத்து வெட்டினால், அதாவது கொடியின் பழைய கிளைகளைக் கழித்துவிட்டால், சுமார் நாலு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் இந்த மாதம் வெட்டினால் அடுத்த தோட்டத்தில் அடுத்த மாதம், அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. அதனால்தான் வருடம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும், வியாபாரிகளின் வண்டியும் வந்துகொண்டே இருக்கும். இதற்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. வரப்பைத் தாண்டிப் போய், "எப்ப கத்தரி வைக்கிறீக?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். கேட்டவர் தன் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார். அந்த வருடம் அண்ணனுக்கு வைகாசி கடைசி வாரம் வாய்த்தது. பழம் ஆயுத பூஜைக்குச் சரியாக வந்து நின்றது. பொரிகடலையோடு திராட்சைக் குலையும் இல்லாமல் எந்த வொர்க்‌ஷாப்பில் பூஜை போடுவார்கள்? நல்ல விலைக்கு, வந்து நின்ற வண்டிக்கே எல்லாம் போனது. அண்ணன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னது என் போனில் இப்போதும் இருக்கிறது. மோட்டார் சத்தத்துக்கு நடுவில் இப்படி:

"வைகாசி கடைசி வாரம் வெட்டுனேன், ஆயுத பூசைக்குப் பழம் வந்துருச்சு. இத எழுதிக்க. ஆனா ஒண்ணு ஆத்தா, இது எனக்கு இந்தத் தடவ அமைஞ்சது. கெழக்க உள்ளவுக சித்திரையிலயே வெட்டிட்டாக, மேக்க உள்ளவுக ஆனி பாதிக்கு மேலதான்னாக. நடுவுல எனக்கு எடம் கெடச்சது. பக்கத்துல கேட்டுக்கிட்டுத்தான் கத்தரிய எடுக்கணும். எல்லாம் ஒண்ணாப் பழுத்தா யாரு திங்கிறது?"

இதில் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுத்தேன். மீதி, எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்று பட்டது. வெளியூர்க்காரருக்கு அது எதற்கு என்றும் பட்டது. உண்மையைச் சொன்னால், "பக்கத்தில் கேளுங்கள்" என்று முடிக்கிற பதிவு சப்பென்று இருக்கும். எல்லாவற்றையும் என்னிடம் கேட்கத்தானே வருகிறார்கள்? "ஆயுத பூஜைக்குப் பழம் வேண்டுமா? கவாத்து வெட்ட சரியான வாரம் இதுதான்" என்று தலைப்பு வைத்தேன். "அனுபவம் வாய்ந்த என் அண்ணன் சொல்கிறார்" என்று தொடங்கினேன். ஒரே நாளில் என் பக்கத்துக்கு ஒரு மாதத்துக்கு வருகிற கூட்டம் வந்தது. கடையில் எல்லோருக்கும் நான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வைகாசியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பதிவை அந்த வட்டாரத்தில் படிக்காதவர் இல்லை. படித்த ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அதை நம்பி வெட்டப்போவதாக நினைத்துக்கொண்டார். குத்தகைக்கு எடுத்தவர்களும், வெளியூர் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவர்களும் நிறைய இருந்தார்கள். வெளியே சொன்னால் அடுத்தவனும் அதே வாரத்தில் வெட்டுவான் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன் வழக்கம்போல வரப்பைத் தாண்டிப் போய்க் கேட்டிருக்கிறார். கிழக்குத் தோட்டத்துக்காரர், "இன்னும் யோசிக்கல" என்றாராம். மேற்குத் தோட்டத்துக்காரர், "ஆனிக்குத்தான்" என்றாராம். சரி, நமக்கு நடுவில் இடம் இருக்கிறது என்று அண்ணன் நம்பி, வைகாசி கடைசி வாரம் கத்தரியை எடுத்தார். எடுத்த மூன்றாவது நாள் கிழக்கே கத்தரிச் சத்தம். ஐந்தாவது நாள் மேற்கே. அந்த வாரம் கவாத்துக்கு ஆள் கிடைக்காமல் கேரளா எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் ஏறப்போனவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்தார்கள். தெற்கே இருந்து வடக்கே வரை பந்தல்கள் ஒரே நேரத்தில் மொட்டையாக நின்றன. அண்ணன் அன்று போனில், "என்னமோ எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல புத்தி வந்துருச்சு ஆத்தா" என்று மட்டும் சொன்னார். நான் புரிந்துகொள்ளவில்லை. புரியாததுபோல இருந்தேன் என்பதுதான் சரி.

நாலு மாதம் கழித்துப் பழமும் ஒன்றாகவே வந்தது. பறிக்கிற பெண்கள் ஒரே நாளில் பத்துத் தோட்டத்தில் நிற்க முடியுமா? வந்த வண்டிகள் ரோட்டோரம் முதலில் இருந்த தோட்டத்திலேயே நிறைந்துபோய்த் திரும்பின. தரகர்கள் போனை எடுக்கவில்லை. பன்னீர் திராட்சை காத்திருக்கிற பழம் இல்லை. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. பழுத்த பழத்தில் மழை விழுந்தால் தோல் வெடிக்கும், வெடித்த பழத்தில் ஈ மொய்க்கும். நான் மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். பந்தலுக்கு அடியில் நின்றால் தலையில் சாறு சொட்டியது. புளித்த வாடை ரோடு வரைக்கும் வந்தது. அண்ணன் குலைகளை வெட்டி வெட்டி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார், கொடியாவது மிஞ்சட்டும் என்று. நானும் ஒரு கத்தரியை எடுத்தேன். இருட்டும் வரைக்கும் வெட்டினோம்.

பேச்சு டீக்கடையில் நடந்தது. நான் தேனிக்குத் திரும்பிய பிறகு மதினி போனில் சொன்னார்.

"நாலஞ்சு பேரு சூழ்ந்துக்கிட்டாக. நீங்க சொல்லித்தான வெட்டுனோம், உங்க தங்கச்சி உங்க பேச்சுன்னுதான போட்டுருக்குன்னு சண்டைக்கு வந்துட்டாக. உங்க அண்ணே, படிங்க பாப்போம்னாரு. ஒருத்தரு முழுசாப் படிச்சாரு. பக்கத்துல கேக்கணும்னு சொல்லிருப்பேனே, அது எங்கனன்னு கேட்டாரு. அப்படி ஒண்ணும் இதுல இல்லையேன்னாக. திருப்பிப் படிக்கச் சொன்னாரு. அப்பவும் இல்ல. அப்பறம், சொல்ல மறந்துருப்பேன், எம்மேல தப்புத்தான்னு எல்லாத்துக்கும் முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டாரு ஆத்தா."

தன் தங்கை வெட்டியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பத்திரிகையில் ஒரு பெயரை விடாதவள் என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசியவர் அவர்தான்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. மோட்டார் சத்தம் இல்லை. தோட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து பேசினார்.

"ஏத்தா, ஒண்ணு கேக்குறேன். பக்கத்துல கேட்டுக்கிட்டு வெட்டணும்னு அன்னைக்கு நான் உங்கிட்டச் சொன்னேனா, சொல்லலையா?"

போன் என் காதில் இருந்தது. அவர் சொன்னது அந்தப் போனுக்குள்ளேயே இருந்தது. "சொன்னீங்கண்ணே, நான்தான் வெட்டிட்டேன்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் டீக்கடைக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். மூன்று தடவை படித்துக் காட்டுகிறவள் என்ற பெயர் போகும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு வேகமாக யோசித்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

"அப்ப சொல்லிருக்க மாட்டேன். வயசாகுதுல்ல" என்றார். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பதிவைத் திருத்தினேன். விட்ட வரிகளைத் தடித்த எழுத்தில் முதலில் போட்டேன். யாருக்கும் பிரயோஜனமில்லை. குரூப்புகளில் சுற்றுவது பழைய பதிவு. அதை நான் கூப்பிட்டாலும் திரும்பி வராது. வலைப்பூ மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஒரு கல்லூரியில் கூப்பிட்டு, பெண்கள் எப்படி எழுத்தால் முன்னேறலாம் என்று பேசச் சொன்னார்கள். போனேன், பேசினேன், சால்வையை வாங்கிக்கொண்டு வந்தேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, நல்ல பதிவுக்கு என்ன ரகசியம் என்று கேட்டார். வேண்டாததை வெட்டுவது என்றேன். கைதட்டினார்கள்.

கிழக்குத் தோட்டத்துக்காரர் கொடியைப் பிடுங்கிவிட்டு வாழை வைத்தார். மறுவருடம் மேற்குத் தோட்டத்திலும் பந்தல் கல்தூண்களைச் சாய்த்துவிட்டு வாழை வைத்தார்கள். அண்ணன் மட்டும் பிடுங்கவில்லை. பிடுங்க மனசு வரவில்லை என்றார் மதினி. ஆனால் தோட்டத்தைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால், "எனக்கு என்னங்க தெரியும், மருந்துக்கடையில கேளுங்க" என்று எழுந்துவிடுவாராம். இலையைத் தடவிப் பார்த்தே நோயைச் சொன்னவர், இப்போது இலையைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டுபோகிறார். ஞாயிற்றுக்கிழமைப் போன் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் நல்லா இருக்காகளா, மழை உண்டா, வைக்கட்டுமா. "இத எழுதிக்கிறயா ஆத்தா?" என்று அவர் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நானும் இப்போது எழுதுவதெல்லாம் மற்ற பக்கங்களில் பார்த்து எழுதுவதுதான். படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எத்தனையோ தடவை போனில் இருக்கிற அவர் குரலை அவருக்குப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று பஸ் ஏறியிருக்கிறேன். உத்தமபாளையம் தாண்டும்போது தைரியம் இருக்கும். கம்பத்தில் இறங்கும்போது இருக்காது. மதினி சோறு போடுவார், அண்ணன் என் தட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வை என்பார். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருடம் வைகாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு மோட்டார் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். நான் போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"ஏத்தா, கவாத்து வெட்டணும். உன் இதுல இந்த வருசம் எந்த வாரம் போட்டுருக்க?"

"நீங்க சொல்லுங்கண்ணே, உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

"நான் சொன்னா எதையாவது மறந்துருவேன். நீதான் ஒண்ணு விடாமப் போடுவியே. பாத்துச் சொல்லு."

"பக்கத்துல கேட்டுட்டு வெட்டுங்கண்ணே" என்றேன். அவர் வார்த்தையையே அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் சிரித்தார். "பக்கத்துல யாரு ஆத்தா இருக்கா? ரெண்டு பக்கமும் வாழை. நீ பாத்துச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."

மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வைகாசி கடைசி வாரம்ணே" என்றேன்.

"சரித்தா" என்றார்.